இளவயது, மது, வண்டி: மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பள்ளி, கல்லூரிகளில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் முடிந்ததும் "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்வார்கள். தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மதுவைப் பற்றி எந்த மாணவன் எழுந்து கேட்பான்? பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேட்கச் சொன்னால் மட்டும் உண்மையான கேள்விகள் வருகின்றன. அப்படி வந்தவற்றையும், வெளியே நின்று தனியாகப் பேசும் பெற்றோர் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இரு சக்கர வண்டியை மனத்தில் வைத்து எழுதியவை. நம் பிள்ளைகள் முதலில் ஓட்டுவது அதைத்தானே.

ஒரே ஒரு பீர்தான் குடித்தேன். அதற்குள் என்ன ஆகிவிடும்?

"பீர்தானே" என்ற சொல்லில் இருக்கும் அலட்சியம் கணக்குப் போட்டால் நிற்காது. பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் வகையில் எத்தனால் 8 சதவீதம் வரை இருக்கும். அப்படியானால் பாட்டிலுக்குள் 52 மில்லி தூய எத்தனால். எடையில் சுமார் 41 கிராம். பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவை 42.8 சதவீதம். அவற்றில் 30 மில்லி, அதாவது ஒரு சிறிய பெக், 10 கிராம் எத்தனாலைத் தரும். ஆக ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்தவன் நான்கு பெக் குடித்திருக்கிறான். 180 மில்லி குவார்ட்டர் என்றால் ஆறு பெக்.

மது உடலில் உள்ள நீரில்தான் பரவும். கொழுப்பில் அவ்வளவாகப் பரவாது. 50 கிலோ எடையுள்ள பையனுக்கு அந்தப் பரப்பு ஏறத்தாழ 34 லிட்டர். அதில் 41 கிராமைக் கலந்தால் 100 மில்லி இரத்தத்துக்கு 120 மில்லிகிராம் அளவில் வந்து நிற்கும். இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். "ஒரே ஒரு பீர்" அந்த வரம்பைப் போல நான்கு மடங்கு.

இது வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால் வரும் உச்ச அளவு. பிரியாணியோடு இரண்டு மணி நேரம் இழுத்துக் குடித்தால் குறையும். அப்போதும் 30-க்குக் கீழே இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதே பையனுக்கு ஒரே ஒரு பெக் போதும், வரம்பைத் தொட்டுவிட.

குடித்தது எவ்வளவு நேரத்தில் ஏறும்?

வயிற்றில் கொஞ்சம், சிறுகுடலில் பெரும்பகுதி என்று மது இரத்தத்தில் கலக்கிறது. முதல் மிடறுக்குப் பின் சில நிமிடங்களிலேயே மூளையை எட்டிவிடும். ஆனால் அதன் உச்சம் குடித்து முடித்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வருகிறது. ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடைசி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "இப்போதுகூட நன்றாகத்தான் இருக்கிறேன், ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறேன்" என்று கிளம்புகிறவன், உச்சத்தை வழியில் சந்திக்கிறான்.

சாப்பாடு மது சிறுகுடலுக்குப் போவதைத் தாமதப்படுத்தும்; உச்சமும் கொஞ்சம் தாழும். அவ்வளவுதான். வயிறு நிறையச் சாப்பிட்டவன் மதுவிலிருந்து தப்பிவிட்டான் என்று பொருளில்லை. சோடாவோ குளிர்பானமோ கலந்தால் பலருக்கு வேகமாகவே ஏறும்.

என் மாமா இரண்டு பெக்கிலேயே தூங்கிவிடுகிறார். நான் அதைவிட அதிகம் குடித்தும் தெளிவாக இருக்கிறேன். எனக்குத் தாங்கும் உடம்பு என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மது மூளையில் இரண்டு வேலை செய்கிறது. நரம்புகளை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் வலிமையைக் கூட்டுகிறது. நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. முதிர்ந்த மூளையில் இதன் விளைவாகத் தூக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல் எல்லாம் வரிசையாக வரும். உங்கள் மாமாவைப் படுக்க வைத்தது அந்தத் தூக்கம்தான். அவர் தோற்றுவிட்டார் என்று சிரிக்கிறீர்கள். உண்மையில் அவருடைய உடல் "போதும், நிறுத்து" என்று சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

பதின்வயது மூளையில் அந்த அடக்கும் பகுதியின் கட்டமைப்பு இன்னும் முழுமையாகவில்லை. அதனால் தூக்கமும் தள்ளாட்டமும் தாமதமாக வருகின்றன. இதைப் பெரும்பாலும் இளம் எலிகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மது ஊற்றிக் கொடுத்துச் சோதிக்க முடியாதல்லவா? வளர்ந்த எலி சுருண்டு விழும் அளவில் இளம் எலி இன்னும் சுறுசுறுப்பாக ஓடித் திரிகிறது. ஆனால் அதே இளம் எலிக்கு நினைவாற்றல் பெரிய எலியைவிட அதிகமாகக் கெடுகிறது. கூட்டத்தோடு சேர்ந்து ஆடும் உற்சாகமும் கூடுகிறது.

மனிதனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தீர்ப்புத் திறனும் நினைவும் கெட்டுப் போயிருக்கும். கால் மட்டும் தள்ளாடாது. தூக்கம் வராது; துணிச்சல் வரும். வண்டியில் ஏறுவதற்கு இதைவிட மோசமான கூட்டணி இல்லை. பெரியவர் பலர் சாவியைத் தேடும் நிலைக்கே வருவதில்லை. இளைஞன் சாவியை எடுத்து, வண்டியை நேராகவே ஓட்டிக்கொண்டு போய், முதல் வளைவில் விழுகிறான்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் விளைவை எண்ணிப் பார்த்து ஆசைக்குக் கடிவாளம் போடுகிறது. அது முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். மகிழ்ச்சியையும் பாராட்டையும் தேடும் பகுதியோ பதினான்கு, பதினைந்து வயதிலேயே முழு வேகத்தில் இருக்கிறது. பின்னால் நண்பன் உட்கார்ந்திருந்தால் அந்த வேகம் இன்னும் கூடும். மது முதலில் தளர்த்துவது ஏற்கெனவே தளர்வாக இருக்கும் கடிவாளத்தை.

ஆகவே "தாங்கும் உடம்பு" என்று நண்பர்கள் பாராட்டுவது எச்சரிக்கை மணி வேலை செய்யாத உடம்பைத்தான்.

வண்டி ஓட்டும்போது எது எது கெடுகிறது?

முதலில் கவனத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் திறன். வண்டி ஓட்டுவது ஒரே வேலை இல்லை. ஆக்ஸிலரேட்டர், பிரேக், பக்கக் கண்ணாடி, முன்னால் போகும் ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்ற ஊகம், இடதுபுறம் நாய், வலதுபுறம் டிவைடர் என்று ஒரே நேரத்தில் ஐந்தாறு இடங்களில் மனம் இருக்க வேண்டும். 20 மில்லிகிராம் போன்ற சிறிய அளவிலேயே இது குறையத் தொடங்கிவிடுகிறது. சட்ட வரம்புக்குள்ளேயே இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். போதையில் ஓட்டுகிறவன் ஒன்றை நன்றாகப் பார்ப்பான், மற்றவற்றை விட்டுவிடுவான். "திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்கள்" என்று பிறகு சொல்வான். அவர்கள் பாதி சாலையைக் கடந்து வந்த பின்புதான் அவன் கண்ணில் பட்டிருப்பார்கள்.

அடுத்தது கண். நகரும் பொருளைப் பின்தொடரும் அசைவு விட்டுவிட்டு நடக்கிறது. பக்கப் பார்வையில் தெரிவதை மூளை பொருட்படுத்துவதில்லை. எதிரே வரும் லாரி ஹைபீம் அடித்துவிட்டுப் போனால் கண் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் ஆகிறது. நம் நெடுஞ்சாலைகளில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும், வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடையும், சாலையோரம் நிறுத்திய கரும்பு லாரியும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

பிறகு எதிர்வினை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். பிரேக்கைத் தொட அரை நொடி கூடுதலாக எடுத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும்.

உள்காதும் சும்மா இருப்பதில்லை. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் அரைவட்டக் குழல்களுக்குள் மது ஊறும்போது, அங்குள்ள மெல்லிய சவ்வின் அடர்த்தி சுற்றியிருக்கும் திரவத்தின் அடர்த்தியிலிருந்து மாறிவிடுகிறது. படுத்தால் அறை சுற்றுவது இதனால்தான். சிறுமூளையும் தளர்ந்துபோவதால் கை, கால்களின் அளவான அசைவு போய்விடுகிறது. தேவைக்கு மேல் திருப்புவான், தேவைக்கு மேல் பிரேக் பிடிப்பான்.

கடைசியாகத் தன்னைப் பற்றிய மதிப்பீடு. மற்ற எல்லாம் கெட்டுவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவியே கெட்டுவிடுகிறது. "நீ ஓட்டும் நிலையில் இருக்கிறாயா" என்று குடித்தவனிடமே கேட்பது பயனற்றது என்பதற்குக் காரணம் இது.

கார் ஓட்டுவதைவிட பைக் ஓட்டுவது ஆபத்தா?

கார் சாயாமல் தானாக நிற்கும். பைக்கை ஒவ்வொரு நொடியும் ஓட்டுபவர்தான் விழாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். சமநிலைக்கு எடை மாற்றுவது, வளைவில் சாய்வது, மணலில் பிரேக்கைத் தவிர்ப்பது எல்லாம் நாம் நினைக்காமலே நடக்கும் சிறு திருத்தங்கள். மது முதலில் தின்பது இவற்றை. காரில் தடுமாறினால் கோட்டைத் தாண்டும் அளவுக்குப் போகும். பைக்கில் அதே தடுமாற்றம் தரையில் கொண்டுபோய்ப் போடும்.

பின்னால் உட்காருபவர் குடித்திருந்தாலும் ஆபத்துதான். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய, பயந்து மறுபக்கம் சாய்கிறார். மூன்று பேர் என்றால் சொல்லவே வேண்டாம். போதையில் ஹெல்மெட்டைத் தலையில் போடுவதற்குப் பதிலாகக் கையில் மாட்டிக்கொண்டு போவதும் வழக்கமாக இருக்கிறது. அது காப்பது முழங்கையை.

விபத்துக்கான வாய்ப்பு உண்மையில் எவ்வளவு கூடும்?

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, உயிர்ச்சேத விபத்துகளில் சிக்கிய ஓட்டுநர்களின் இரத்த அளவையும், சாலையில் நிறுத்திச் சோதித்த ஓட்டுநர்களின் அளவையும் ஒப்பிட்டது. 80 முதல் 100 மில்லிகிராம் அளவில், 35 வயதைக் கடந்தவர்கள் தனி வாகன விபத்தில், அதாவது வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்தில், இறக்கும் வாய்ப்பு, குடிக்காத அதே வயதினரைவிடச் சுமார் 11 மடங்கு. 16 முதல் 20 வயது ஆண்களுக்கு அதே அளவில் சுமார் 52 மடங்கு. அந்த வயதினருக்கு ஒவ்வொரு 20 மில்லிகிராம் கூடும்போதும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது.

அது கார் ஓட்டும் நாட்டின் கணக்கு. ஹெல்மெட் இல்லாத பைக்கில் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மோர், எலுமிச்சைச் சாறு, கருப்புக் காபி, குளிர்ந்த நீரில் குளியல்: எது போதையைத் தெளிவிக்கும்?

எதுவும் தெளிவிக்காது. கல்லீரல் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் இரத்தத்திலிருந்து மதுவைக் குறைக்கும். நீங்கள் கெஞ்சினாலும் மிரட்டினாலும் அதன் வேகம் அதுதான். காபி குடித்தவன் தூங்காத குடிகாரன் ஆகிறான். அவன் சாவியைத் தேடத் தொடங்குவதால் முன்பைவிட ஆபத்தானவன். வாந்தி எடுத்தாலும் வயிற்றில் மீதமிருந்ததுதான் வெளியே வரும். இரத்தத்தில் கலந்தது கலந்ததுதான்.

இரவு குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து காலையில் கல்லூரிக்கு வண்டியில் போகலாமா?

50 கிலோ பையன் இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அளவு சுமார் 180 மில்லிகிராம் வரை போகும். மணிக்கு 15 வீதம் குறைந்தால் காலை 7 மணிக்கு 60. சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு! காலை 9 மணிக்குத்தான் 30-ஐத் தொடும். முழுதும் நீங்க 11 மணியாகும். குளித்துவிட்டான், பல் துலக்கிவிட்டான், விபூதியும் பூசிவிட்டான். இரத்தத்துக்கு அதெல்லாம் தெரியாது.

அளவு பூஜ்யமான பிறகும் தலைவலி, நீர்ச்சத்துக் குறைவு, கெட்டுப்போன தூக்கம் மிச்சமிருக்கும். மது கொடுக்கும் தூக்கம் ஆழமற்றது.

ஏலக்காய், கொய்யா இலை, பாக்கு மென்றால் ஊதும் கருவி ஏமாந்துவிடுமா?

கருவி வாய் நாற்றத்தை முகர்ந்து பார்ப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ள எத்தனாலை அளக்கிறது. இரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது மது ஒரு நிலையான விகிதத்தில் காற்றுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. 2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் மதுவும் 1 மில்லி இரத்தத்தில் இருக்கும் மதுவும் சமம் என்ற கணக்கில் கருவிகளை அமைக்கிறார்கள். ஏலக்காய் மணக்கும், எண் மாறாது.

எதிர்த்திசையில் ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. மது கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தோ, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களோ அப்போதுதான் வாயில் பட்டிருந்தால், கருவி சற்று நேரம் தவறாகக் கூடுதலாகக் காட்டக்கூடும். கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி ஊதினால் அந்த மிச்சம் போய்விடும். அப்படிக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. உண்மையிலேயே குடித்தவர் இதைக் கேட்டுப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

குடிப்பதற்கு ஒரு சட்டம், ஓட்டுவதற்கு இன்னொன்று. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. புதுச்சேரியில் அந்த வயது 18. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் இளைஞர்கள் பைக்கில் தெற்கே போய் இரவில் வடக்கே திரும்புவதற்கு இந்த மூன்று வருட வித்தியாசமும் ஒரு காரணம். இரு இடத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றுதான்.

அதன் 185-ஆம் பிரிவு 30 மில்லிகிராம் வரம்பை வைக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. பைக் என்றாலும் கார் என்றாலும் ஒரே தண்டனை.

18 வயது நிரம்பாதவர் கியர் வண்டியை ஓட்டுவதே குற்றம். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் உரிமம் பெறலாம். நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல். இங்கேதான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய 199ஏ பிரிவு வருகிறது. சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையது. சாவி ஆணியில் தொங்கும் வீட்டில் அதை எப்படி நிரூபிப்பது?

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வரி. போதையில் ஓட்டியிருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு நிறுவனம் பணம் தராது. அடிபட்டவருக்கு நீதிமன்றம் சொன்ன இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, உரிமமில்லாத சிறுவன் ஓட்டியிருந்தால் அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு வழி உண்டு.

பெரிய இடத்துப் பிள்ளைகள் தப்பித்துவிடுகிறார்களே, சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?

2024 மே மாதம் புனேயின் கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சிறுவன் அதற்கு முன் நண்பர்களோடு மது அருந்தினான் என்பது போலீஸ் தரப்பு. சில மணி நேரத்தில் பிணை கிடைத்தது. சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள் கைதானார்கள், பெற்றோரும் கைதானார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. அந்த வழக்கில் பேசப்படாமல் போனது ஒன்று உண்டு: இறந்த இருவரும் பைக்கில் இருந்தார்கள். நீங்கள் நாளைக்குப் போகப்போவதும் பைக்கில்தான்.

பெண்களுக்கு வேறுபாடு உண்டா?

உண்டு. ஒரே எடை இருந்தாலும் பெண் உடலில் நீரின் பங்கு குறைவு. அதனால் ஒரே அளவு மது இரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு பெக்கே 40 மில்லிகிராம் வரை கொண்டுபோகலாம். இது உடற்கூறு. இதை வைத்துக்கொண்டு "பெண்கள் குடிக்கக் கூடாது, பையன்கள் பரவாயில்லை" என்று பேசும் பெரியவர்கள் மேலே இருக்கும் 52 மடங்கை மறுபடி படிக்கலாம். அது ஆண்களின் கணக்கு.

நண்பன் குடித்துவிட்டு எழுப்ப எழுப்ப எழவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ஏறிக்கொண்டே இருக்கும் என்று மேலே சொன்னேன். தூங்கும்போது அளவு கூடலாம். மிக அதிகமானால் மூச்சை இயக்கும் மூளைத்தண்டையே மது அடக்கிவிடும். விழுங்குவதையும் இருமுவதையும் தூண்டும் அனிச்சைச் செயல்கள் போய்விடும். அந்த நேரத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

சிறுவர்களுக்கு இன்னோர் ஆபத்து, இரத்தச் சர்க்கரை சரிவது. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுக்கிறது. மதியத்திலிருந்து சாப்பிடாத மெலிந்த பையனின் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், வலிப்பு, மயக்கம் என்று போகும்; பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் "போதை" என்று நினைப்பார்கள்.

உலுக்கினாலும் கிள்ளினாலும் கண் திறக்காவிட்டால், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விட்டால், இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால், உடல் சில்லிட்டு உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் எல்லாம் ஒன்றாக வரும் வரை காத்திருக்க வேண்டாம், ஒன்று போதும். வண்டி வரும்வரை அவனைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலிருக்கும் முழங்காலை மடக்கி முன்னால் வைத்து, வாய் தரையை நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மோர் ஊற்றாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியாக விட்டுப் போகாதீர்கள்.

"வீட்டுக்குத் தெரிந்துவிடும்" என்ற பயத்தில் இரண்டு மணி நேரம் தாமதிப்பதுதான் நடப்பது. மருத்துவர் கேட்கப்போவது எவ்வளவு, எப்போது, வேறு ஏதாவது மாத்திரை சேர்ந்ததா என்பவற்றைத்தான். உண்மையைச் சொல்லுங்கள். சளிக்குப் போடும் செட்ரிசின் போன்ற மாத்திரைகூட மதுவின் மயக்கத்தைக் கூட்டும்.

குடித்திருந்தவன் வண்டியிலிருந்து விழுந்தான். காயம் இல்லை; உளறுகிறான், தூங்குகிறான். போதைதானே?

அப்படி முடிவு செய்யும் தகுதி உங்களுக்கோ எனக்கோ கிடையாது. தலைக்குள் இரத்தம் கசிந்தாலும் உளறலும் தூக்கமும்தான் வரும். சில இரத்தக் கசிவுகளில் விழுந்தவன் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்குவான். போதையும் தலைக்காயமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்ல ஸ்கேன் வேண்டும். போதை என்றால் நேரம் போகப் போகத் தெளிய வேண்டும். மோசமாகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரியது என்றால் நேரம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. விழுந்தவனின் கழுத்தை மடக்காமல், ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

படிப்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மதுவுக்கு மிகவும் எளிதில் மடங்கும். "நேற்று என்ன நடந்தது என்றே தெரியவில்லை" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார்களே, அது மறதி இல்லை, பதிவே நடக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் வண்டிகூட ஓட்டியிருக்கலாம். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில் தெரியவந்தது.

வெளிநாட்டில் 18 வயதிலேயே குடிக்கிறார்களே?

குடிக்கிறார்கள். அங்கே ஓட்டும் சட்டத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் 16 வயதில் பீர் வாங்கலாம். ஆனால் 21 வயதுக்குள், அல்லது உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் ஓட்டுகிறவருக்கு 2007 முதல் வரம்பு பூஜ்யம். அமெரிக்கா 1984-இல் குடிக்கும் வயதை 21 ஆக்க மாநிலங்களை நெருக்கியது. 1995-க்குப் பின் 21-க்குக் கீழ்ப்பட்ட ஓட்டுநருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்றாக்கியது. இந்தியாவில் 18 வயதுப் பையனுக்கும் 50 வயது லாரி ஓட்டுநருக்கும் வரம்பு ஒன்றே. இளம் ஓட்டுநருக்குப் பூஜ்யம் என்று நாமும் ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் பையன் குடித்துவிட்டு வண்டியில் வருகிறான் என்று சந்தேகம். என்ன செய்வது? (ஒரு தாய்)

முதலில் சாவி, அம்மா. உங்களால் இன்றிரவே செய்யக்கூடியது அதுதான். குடிப்பதை நிறுத்த வைப்பது நாள்பட்ட வேலை. ஓட்டுவதை நிறுத்த வைப்பது ஒரு பூட்டு. இரண்டையும் ஒரே சண்டையில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

அவன் தெளிந்திருக்கும் நேரத்தில் ஒரு பேச்சு பேசிக்கொள்ளுங்கள்: எந்த நேரமானாலும், எந்த நிலையிலிருந்தாலும் தொலைபேசியில் கூப்பிடு, நானோ அப்பாவோ வருவோம், அந்த இரவில் ஒரு வார்த்தை திட்ட மாட்டோம். திட்டை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அவன் ஒருமுறை கூப்பிட்டு, நீங்கள் நடுச்சாலையிலேயே அடித்தீர்கள் என்றால், அடுத்த முறை கூப்பிட மாட்டான். வீட்டில் அப்பாவே குடித்துவிட்டு ஓட்டுகிறவர் என்றால் பேச்சை அவரிடமிருந்து தொடங்க வேண்டும். பையன்கள் இதைத்தான் சீட்டில் எழுதுகிறார்கள், பெற்றோர் எழுதுவதில்லை.

வாரத்துக்குச் சில முறை, தனியாக, காலையிலேயே என்று குடி போய்விட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 104 எண்ணிலும், 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும் முதலில் பேசிப் பார்க்கலாம்.

நண்பன் குடித்துவிட்டான். வண்டி அவனுடையது. நான் குடிக்கவில்லை, ஆனால் எனக்கு உரிமம் இல்லை. நான் ஓட்டலாமா?

கூடாது. பழக்கமில்லாத வண்டி, இரவு நேரம், பின்னால் ஒரு பக்கமாகச் சாயும் போதைக்காரன். விபத்து நடந்தால் வழக்கு உங்கள் மேல். வண்டியை அங்கேயே சைடு லாக் போட்டு நிறுத்துங்கள். கடைக்காரரிடமோ பெட்ரோல் பங்க் ஊழியரிடமோ சொல்லிவிட்டு, எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ஆட்டோவுக்கு 200, 300 ரூபாய் ஆகும். கிளம்பும்போதே அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் இருக்காது. வண்டியை மறுநாள் மதியத்துக்கு மேல் எடுக்கப் போங்கள்; காலை ஏழு மணிக்கு வேண்டாம்.